செம்பூர் வீட்டுச் சைவ மீன்கள்

என் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர், மாத்திரையோடு ஒரு யோசனையும் எழுதிக் கொடுத்தார். தினமும் கொஞ்ச நேரம் எதையாவது பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். கடலைப் பார்க்கலாம், மரத்தைப் பார்க்கலாம், மீன்தொட்டியைப் பார்க்கலாம். செம்பூரில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவது அடுத்த கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள்தான். ஆகவே மீன்தொட்டி என்று முடிவானது.

அவர் அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருகிற இன்ஜினியர். ஒரு குக்கர் கேஸ்கட் வாங்குவதென்றாலும் ஒரு வாரம் படித்து, நாலு பேரைக் கேட்டு, கடைசியில் வாங்காமலே வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் குர்லாவில் மீன் விற்கிற கடையைப் பார்த்ததும் நிதானம் இழந்தார். நீலம், ஆரஞ்சு, வரிவரியாகக் கறுப்பு, எல்லாவற்றையும் விரலால் சுட்டிக்கொண்டே போனார். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் பிடித்துப் பிடித்துப் போட்டார்.

"இதெல்லாம் ஒரே தொட்டியில் இருக்குமா?" என்று நான் ஹிந்தியில் கேட்டேன்.

"சப் சலேகா பாபி. சப் பாயீ பாயீ கே ஜைஸா ரஹதே ஹைன்" என்றார் அவர்.

அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. ஊரில் நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி. தொட்டியில் விட்ட அன்றே வரி போட்ட டைகர் பார்ப் கூட்டம் ஒன்று, நீல ஃபைட்டர் மீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் கடித்துக் கிழித்தது. ஏஞ்சல் மீன் கப்பி என்கிற பொடி மீன்களை ஒவ்வொன்றாக முழுங்கியது. தங்கமீன் யாரையும் தொடவில்லை. ஆனால் தின்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் கழித்துக்கொண்டே இருந்தது.

என் கணவர் கையில் பி.பி. மெஷினின் பட்டையைச் சுற்றிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி, தொட்டிக்கு எதிரே அமைதியாக உட்கார்ந்தார். மெஷின் புஸ்ஸென்று காற்றை ஏற்றத் தொடங்கியது.

"ஏய்! விடு அவனை! விடுடா!"

அவர் எழுந்து கண்ணாடியைத் தட்டினார். மெஷின் தப்பு என்று காட்டி நின்றுவிட்டது. மறுபடி அளந்தபோது ஆபீஸில் மேலதிகாரி கூப்பிட்ட நாளைவிடக் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார். பார்ப் கூட்டமும் ஏஞ்சலும் தங்கமீனும் கடைக்கே திரும்பிப் போயின. கிழிந்த ஃபைட்டரை எதிர்வீட்டு சிந்தி ஆன்ட்டி இரக்கப்பட்டு வாங்கிக்கொண்டு தன் சமையலறை மேடையில் தனித் தொட்டியில் வைத்துக்கொண்டார். பாவம், அது அங்கே போய்த் துடுப்பெல்லாம் வளர்ந்து அழகாகிவிட்டது. எங்கள் தொட்டி காலியாகக் கிடந்தது. என் கணவர் சாப்பிடும்போதும் போனில் மீனைப் பற்றியே படித்தார். எந்த மீனுக்கு எந்த அளவு சூடு வேண்டும், எது மேலே நீந்தும், எது தரையில் மேயும், எது எதைக் கடிக்கும், எது தனியாக இருந்தால் மனசு உடைந்து போகும் என்று எனக்கும் ஒப்பித்தார். தன் அம்மாவுக்கும் போனில் சொன்னார்.

என் மாமியார் மாதுங்காவில் இருக்கிறார். பாலக்காட்டிலிருந்து வந்து மாதுங்காவிலேயே வாழ்ந்து பழகியவர். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீனுக்கு இத்தனை பொருத்தம் பாக்கறயே. உன் கல்யாணத்துக்கு நான் ஒரே ஒரு ஜாதகம் கேட்டேன், அதுகூட வேண்டாம்னுட்டயேடா" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அது எங்கள் கல்யாணத்தைப் பற்றியதுதான். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னத் தையல் பட்டறை இருந்தது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் மீன் என்றால் குழம்பு. அவர்கள் வீட்டில் மீன் என்றால் விஷ்ணுவின் முதல் அவதாரம். இரண்டு அம்மாக்களும் கல்யாணப் பந்தலில் கும்பிட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்தால் "சௌக்கியமா?" "சௌரியம்தான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேசியதே இல்லை.

இரண்டாவது முறை வாங்கிய மீன்கள் ஒத்துப்போனவை. நியான் டெட்ரா என்று உடம்பில் நீலக்கோடு போட்ட பொடி மீன்கள் ஒரு கூட்டம். தரையைத் துழாவிக்கொண்டே இருக்கிற மீசைக்கார மீன்கள் சில. வால் விசிறி போல இருக்கிற கப்பிகள் கொஞ்சம். ஒன்றை ஒன்று ஏறிட்டும் பார்க்கவில்லை. செடிகளில்தான் வம்பு வந்தது. முதலில் இருந்த பிளாஸ்டிக் தாமரையைத் தூக்கிப் போட்டுவிட்டு உயிர்ச்செடிகள் வாங்கி வந்தார். ஜாவா ஃபெர்ன் என்ற செடியை, எல்லாச் செடியையும் போல, கூழாங்கல்லுக்கு அடியில் நன்றாகப் புதைத்து நட்டார். ஒரு வாரத்தில் அது கறுத்து, அவித்த கீரை மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று தொட்டியை ஜன்னலோரம் தள்ளினார். ஃபெர்ன் பிழைக்கவில்லை. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசிதான் பிழைத்தது. மீன் பார்க்க உட்கார்ந்தவர் தன் நிழலைத்தான் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் மாதுங்காவில் மாமியார் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டைக் கழற்றிப் புதிதாக மாட்டத் தொடங்கினார்கள். அவர் இருப்பது நாலாவது மாடி. முழங்கால் ஒத்துழைக்காது. லிஃப்ட் முடிகிறவரை எங்களோடு வந்து இருந்தார்.

வந்ததும் தொட்டியைப் பார்த்தார். "இதென்னடா, அழுகின செடியை வெச்சுண்டு?"

"வேரை மண்ணுல புதைக்கக் கூடாதாம்மா. இப்பத்தான் படிச்சேன். கல்லுல கட்டி விடணுமாம். ரப்பர் பேண்டு போட்டேன், நழுவிடறது."

"கட்டறதுதானே? குடு."

தினமும் முழம் முழமாக மல்லிகை தொடுக்கிற விரல்கள். புதிதாக வாங்கி வந்த ஃபெர்னைக் கல்லின் மேல் வைத்து, வெள்ளை நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்கு வேண்டிய கல்லெல்லாம் தலையில் பூ வைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தியதும் பாசி அடங்கியது. மாமியார் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். டி.வி. சீரியல் ஓடும்போதுகூட ஒரு கண் செடியின் மேல்தான்.

இந்தச் செய்தி எப்படியோ தாராவிக்குப் போய்விட்டது. மறுநாள் என் அம்மா இரண்டு பையோடு வாசலில் நின்றாள்.

"என்னம்மா, திடீர்னு?"

"ஏன்? சம்பந்தி வந்து இருக்காவல்லா. நான் வரக்கூடாதாக்கும்? எனக்கும் மகதான?"

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அதில் நாங்கள் இருவர், அம்மாக்கள் இருவர், ஒரு மீன்தொட்டி. என் அம்மா வந்ததும் செய்த முதல் வேலை, வீட்டில் இருந்த எல்லா வாளியிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைத்தது. எங்கள் கட்டடத்தில் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். "வரும்பாவ, ஒரு நா நின்னு போவும்" என்றாள். பிறகு தொட்டிக்கு முன்னால் குனிந்து, சந்தையில் பார்ப்பது போல மீன்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல என்ன சதை இருக்கு? தலைய கிள்ளுனா ஒண்ணும் மிஞ்சாதே."

மாமியார் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நிலையில் என் கணவருக்குப் பயிற்சி வகுப்பு வந்தது. இரண்டு வாரம் சென்னைப் பக்கம் போயாக வேண்டும். கிளம்பும்போது சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி, மீனுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சுட்டுவிரல் நுனியில் காட்டினார். "இவ்வளவுதான். ஒரு வேளை போதும். அதிகமாப் போட்டாத் தண்ணி கெட்டுப் போயிடும். பசியில மீன் சாகாது, தின்னுதான் சாகும்."

"மீனைப் பத்தி இவ்வளவு சொல்றீங்க, என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"உன்னை அம்மாங்க பாத்துப்பாங்க" என்று ரயில் பிடிக்கப் போனார்.

அவர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்ன இன்னொரு விஷயம் இருந்தது. மீசைக்கார மீன்களுக்கு வாரத்தில் ஒருநாள் உறைய வைத்த சிவப்புப் புழு கொடுக்க வேண்டும். சின்னச் சின்னக் கட்டியாகக் கடையில் விற்கிறார்கள். அதை அம்மா கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறாராம். எங்கே என்று நான் கேட்பதற்குள் போன் வந்துவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது. நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு அம்மாக்களும் சமையலறையில் இருந்தார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டு, பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மாமியார் குரல்.

"அடடா! பீட்ரூட்டை இத்தனை நைஸா யாரு துருவி வெச்சிருக்கா? நீங்களா?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆமா மைனி. நாந்தான்" என்றாள் என் அம்மா.

"என்ன கை நேர்த்தி! தலைமுடி மாதிரின்னா இருக்கு. நான் எத்தனை துருவினாலும் இப்படி வராது. எப்படிப் பண்ணினேள்?"

"கையிலதான். அவசரப்படாம துருவணும். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் துருவுவோம்."

என் கையில் இருந்த துணி நின்றது. நாங்கள் பீட்ரூட் வாங்கி மாதக்கணக்காகிறது. அந்தச் சிவப்பு நிறம் என் மூளையில் மெதுவாக ஏறியது. நான் ஓடினேன். மாமியார் ஒரு கிண்ணத்துக்கு முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் திறந்து கிடந்தது தேங்காய்த் துருவல் வைக்கிற பழைய டப்பா. கிண்ணத்தில் கட்டிகள் உருகி, சிவப்பு இழை இழையாகப் பிரிந்து கிடந்தன. மாமியாரின் இன்னொரு கையில் ஒரு கரண்டித் தயிர், கிண்ணத்துக்கு மேலே.

"அத்தை, தயிரைக் கீழே வைங்க."

"ஏன், புளிச்சுப் போயிடுத்தா?"

"இல்லை. அது பச்சடி பண்றதில்லை. மீனுக்குப் போடறது."

"மீனுக்கு அவன் பீட்ரூட்டா போடறான்?"

"அது பீட்ரூட் இல்லை, அத்தை. புழு."

மாமியார் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார்.

"துருவினேன்னு சொன்னேளே?"

என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேற ஒண்ணச் சொன்னேன்" என்றாள்.

மாமியார் அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ரகசியக் குரலில் பேசினார்.

"அம்மா, கிளாஸ்ல இருக்கேம்மா."

"நீ கிளாஸ்ல இருடா. புழு எங்கே இருக்குன்னு நான் சொல்றேன். தேங்கா டப்பாவுல இருக்கு. பெத்த பிள்ளை பண்ற காரியமா இது?"

அந்தப் பக்கம் போன் அணைந்துவிட்டது. சாயங்காலம் என் அம்மா தனியாக இருக்கும்போது நான் கேட்டேன், எதற்காக அப்படிச் சொன்னாய் என்று.

"ஏட்டி, அந்த அம்மா என்னயப் பாத்து நல்ல வார்த்தை சொல்லுதது இதான் முதத் தடவை. நான் இல்லன்னு சொல்லவா?" என்றாள்.

ஃப்ரிட்ஜைக் காலி செய்து, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, கதவைத் திறந்து போட்டு மாமியார் ஒரு தீர்மானம் செய்தார். புழு இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதே சமயம் மீனைப் பட்டினி போடவும் கூடாது. அதுகளுக்கும் வயிறு இருக்கிறது. ஆகவே தான் இந்த ஆத்தில் இருக்கிற வரை மீன்கள் சைவம். பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்து, விரலால் மசித்துத் தொட்டியில் போட்டார். என்ன ஆச்சரியம், மீன்கள் ஓடி வந்து தின்றன. என் கணவரிடம் சொன்னபோது, பட்டாணி நல்லதுதான், வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதுதான் தப்பாகப் போனது. மறுநாள் பட்டாணியோடு கொஞ்சம் வெந்த கீரை. அதற்கு மறுநாள் ஒரு வெள்ளரித் துண்டு. பிறகு ஏகாதசி என்று கொஞ்சம் அவல்.

வெள்ளரிக்குக் கூட்டமாக வந்தவை மீன்கள் இல்லை, நத்தைகள். செடியோடு சேர்ந்து முட்டையாக வந்தவை, இப்போது மிளகு அளவில் எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமியாருக்கு அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை. ராத்திரி போட்ட வெள்ளரித் துண்டைக் காலையில் நத்தைகளோடு எடுத்து ஒரு டப்பாவில் வைத்து, "போற வழியிலே எங்கேயாவது தண்ணியிலே விட்டுடு" என்று என்னிடம் கொடுத்தார். நான் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே வாசலில் அல்லிச்செடி வைத்த ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதில் விட்டுவிடலாம் என்று டப்பாவைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் இடித்துப் பிடித்துப் போய் இறங்கியதில் மறந்துவிட்டது.

மத்தியானம் கேன்டீனில் எதிரே உட்கார்ந்த மராத்திக்காரத் தோழி என் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். நாங்கள் எப்போதும் பகிர்ந்துதான் சாப்பிடுவோம்.

"காகடியா? நல்லது" என்று வெள்ளரித் துண்டை எடுத்தாள். "மேலே என்ன, மிளகா?"

ஒரு மிளகு கொம்பை நீட்டியது.

அவள் கத்தியது மேல்மாடி மேனேஜர் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் என் டப்பாவைத் தானாகத் திறப்பதில்லை. "பஹிலே தூ கா" என்று, முதல் வாய் நான்தான் தின்ன வேண்டும் என எனக்கு முன்னால் தள்ளுவாள்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு கூத்து நடந்தது எனக்குத் தெரியவில்லை. என் அம்மா தினமும் எதிர்வீட்டு சிந்தி ஆன்ட்டியோடு பேசிவிட்டு வருகிறேன் என்று போவாள். ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் ஹிந்தி தாராவிக்கு வெளியே யாருக்கும் புரியாது. இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். புழு டப்பாவை அம்மா அன்றைக்கே எடுத்துப் போய் ஆன்ட்டியின் ஃப்ரீஸரில் வைத்துவிட்டாள். மாமியார் குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு கட்டியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்டாள். வாரம் ஒருநாள் இல்லை, தினமும். பட்டாணி தின்று மெலிந்துவிடுகிறதே என்ற இரக்கம்.

ஆக, எங்கள் மீன்களுக்குக் காலையில் சைவம், குளியல் நேரத்தில் அசைவம், சாயங்காலம் நான் போடுகிற விரல்நுனித் தீனி. தண்ணீர் மெல்ல மெல்ல மோர் மாதிரி ஆனது.

என் கணவர் தினமும் வீடியோ காலில் வருவார். என் முகத்தைப் பார்த்ததும், "கொஞ்சம் தள்ளு, ஃபில்டர் தெரியலை" என்பார். அன்று தொட்டியைக் காட்டியதும் புருவம் ஏறியது.

"என்ன தண்ணி வெள்ளையா இருக்கு?"

"கேமராவுல தூசிடா" என்றார் மாமியார் பின்னாலிருந்து.

"ஆமா மாப்பிள்ள, போனு பழசுல்லா" என்றாள் என் அம்மா.

இரண்டு பேரும் ஒரே குரலில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாமியார் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். என் அம்மா சுவரோரம் நின்றாள்.

"அதுகள் பாட்டுப் பாடறதாக்கும்னு நெனச்சேன்" என்றார் மாமியார் மெல்லிய குரலில். "இல்லை போலிருக்கே."

நான் கணவருக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை, குரலை மட்டும் மிகத் தாழ்த்திக்கொண்டார். அவர் அப்படிப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"என்ன போட்டீங்க?"

மாமியார் பட்டாணியிலிருந்து அவல் வரை சொன்னார். என் அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"நான் அந்தப் பீட்ரூட்டப் போட்டேன்" என்றாள்.

மாமியார் திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் மாமியார் சிரித்துவிட்டார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. "தினமுமா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். "நான் குளிக்கப் போறச்சேயா?" அதற்கும் தலையாட்டினாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சது போதும்மா" என்றார் போனுக்குள்ளிருந்து என் கணவர். "மூணுல ஒரு பங்கு தண்ணியை எடுத்துட்டு வேற தண்ணி ஊத்தணும். இப்பவே. குழாயிலேர்ந்து நேரா ஊத்தாதீங்க, குளோரின் மீனைக் கொன்னுடும். ஒரு நாளாவது திறந்து வெச்ச தண்ணியா இருக்கணும். மருந்து ஒண்ணு உண்டு, குளோரினை எடுக்கறது, ஆனா பாட்டில் காலி. கடை திறந்திருக்கா பாரு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. செம்பூரில் அப்படிப் பெய்தால் குர்லா என்பது வேறு நாடு.

"சமையலுக்கு வெச்ச ஃபில்டர் தண்ணி இருக்கே" என்றார் மாமியார்.

"அது சரிப்படாதும்மா. அதுல உப்புச்சத்து ஒண்ணுமே இருக்காது."

"பழைய தண்ணி வேணும்னா நேத்துப் பிடிச்சது கெடக்கே" என்றாள் என் அம்மா. "குடிக்க ஆவாது. ஊத்திருவோம்னு இருந்தேன்."

குளியலறையில் இரண்டு வாளி, பால்கனியில் ஒரு அண்டா, கட்டிலுக்கு அடியில் ஒரு குடம், எல்லாம் மூடாமல் கிடந்தது. என் கணவர் கேட்டு, நம்பாமல், வீடியோவில் காட்டச் சொன்னார். நான் குடத்தைக் காட்டினேன்.

"ஊருக்குக் கிளம்பற வரைக்கும் இந்தக் குடத்துல கால் இடிச்சுண்டு உங்களைத் திட்டியிருக்கேன் அத்தை" என்றார் அவர்.

"எனக்குக் கேட்டுச்சு மாப்பிள்ள" என்றாள் அம்மா.

பிறகு நடந்ததை ஒரு வேலை என்று சொல்ல முடியாது, ஹோலிப் பண்டிகை என்றுதான் சொல்ல வேண்டும். குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இழுத்துவிட வேண்டும். யார் உறிஞ்சுவது? நான் உறிஞ்சினேன். பட்டாணியும் புழுவும் அவலும் கலந்த அந்தத் தண்ணீரின் ருசியை இங்கே எழுதப் போவதில்லை. மாமியார் கூழாங்கல்லுக்கு இடையில் குழாயை நகர்த்தி அழுக்கை இழுத்தார். என் அம்மா வாளி மாற்றினாள். ஒரு கப்பி குழாய் வழியாக வாளிக்குள் போய்விட்டது. "ஐயோ, குழந்தை!" என்று மாமியார் கத்த, அம்மா வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளிக் கொண்டுவந்தாள். தரையெல்லாம் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் வந்து, உங்கள் வீட்டிலிருந்து ஒழுகுகிறது என்றார். மாமியார் அவருக்கு ஹிந்தியில் சொன்ன பதில், "மச்லீ கா டெலிவரி கேஸ் ஹை." மீனுக்குப் பிரசவம் என்றதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

அம்மா சேர்த்து வைத்த தண்ணீரை மெதுவாக, கிண்ணம் கிண்ணமாக ஊற்றினோம். சாப்பாட்டு நேரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மீசைக்காரர்கள் தரையைத் துழாவத் தொடங்கினார்கள். இரண்டு டெட்ரா மட்டும் பிழைக்கவில்லை. மாமியார் அவற்றைத் துளசித் தொட்டியில் புதைத்தார். என் அம்மா மேலே ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டாள்.

அடுத்த நாலு நாள் மீன்களுக்குத் தீனி கிடையாது என்று கணவர் உத்தரவு போட்டார். இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். ஒருவர் சமையலறைக்குப் போனால் மற்றவர் பின்னாலேயே போனார். கூடவே போனதில் பேச்சும் வந்துவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வரும்போது ஒருநாள் என் அம்மா பூத் தொடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வரவில்லை, எல்லாம் கையோடு அவிழ்ந்தது. "பீட்ரூட்டைத் துருவத் தெரியறது, இது தெரியலையா?" என்று மாமியார் கேட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு வாரம் சிரித்தார்கள்.

என் கணவர் திரும்பி வந்த நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவரே எதிர்பார்க்காதது செடிகள்தான். அத்தனை நாள் தின்ற தீனியின் சத்தெல்லாம் அவற்றுக்கு உரமாகியிருந்தது. மாமியார் கட்டிய ஃபெர்ன்கள் கல்லைப் பற்றிக்கொண்டு நூல் தெரியாமல் படர்ந்திருந்தன. நாடா மாதிரி நீண்ட இலைச்செடி மேலே வந்து மடங்கித் தொட்டி முழுக்கப் பரவியிருந்தது. அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன உரம் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலை" என்றார்கள் இருவரும்.

அந்தக் காட்டுக்குள்தான் கப்பிகள் குட்டி போட்டிருந்தன. ஒளிந்துகொள்ள அத்தனை இடம் இருந்ததால் ஒன்றுகூடத் தின்னப்படாமல் பிழைத்திருந்தது. கண்ணும் வாலும் மட்டும் உள்ள புள்ளிகள், இலைக்கு இலை. முதலில் கொண்டாடினோம். அடுத்த மாதம் இன்னொரு ஈடு. அதற்கடுத்த மாதம் இன்னும் ஒன்று. முதல் ஈட்டுக் குட்டிகளும் அதற்குள் கர்ப்பமாகிவிட்டன.

மாமியார் லிஃப்ட் சரியானதும் மாதுங்காவுக்குப் போகும்போது ஒரு பை நிறையக் கொண்டுபோனார். என் அம்மா தாராவியில் தன் சந்துக்கே பங்கு வைத்தாள். எதிர்வீட்டு ஆன்ட்டி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய ஃபைட்டர் கூட்டு வாழ்க்கைக்கு ஒத்துவராதாம். ஸ்டாஃப் பஸ்ஸில் எல்லா ஸீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. இப்போது எங்கள் கட்டடத்தில் என் கணவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவதைப் பார்த்தால், லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் திடீரென்று உடற்பயிற்சியின் அருமை தெரிந்தவர்களாகப் படியேறத் தொடங்குகிறார்கள். நேற்று கீழ்வீட்டுக்காரர் ஏழாவது மாடி வரைக்கும் ஏறிவிட்டார். அவர் வீடு இரண்டாவது மாடியில்.